போதை ஊசி போடுபவர்களை குறி வைக்கும் காசநோய்: ஜவ்வாது மலை மக்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

ஜமுனாமரத்தூர்:
ஜவ்வாது மலை கிராமங்களில் சாமை, தினை அறுவடை முடிந்தால் கையில் வேலை இருக்காது. ஆண்களும் பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு கேரளா, கர்நாடகா, திருப்பூர் என்று கிளம்பி விடுவார்கள். போன இடத்தில் ஒரே அறையில் 8 பேர், 10 பேர் படுக்க வேண்டும். அந்த அறையில் ஒருவருக்கு காசநோய் இருந்தால் போதும், அவர் இருமும்போது கிருமி காற்றில் கலந்து மற்றவர்களுக்கும் தொற்றி விடும்.

இன்னொரு ஆபத்தும் இப்போது சேர்ந்து இருக்கிறது. வலி நிவாரண மாத்திரையை போதை ஊசியாக போட்டுக் கொண்ட வாலிபர்கள், அதை விற்றவர்கள் கைது என்ற செய்தி சமீப ஆண்டுகளில் தமிழக நகரங்களில் இருந்து அடிக்கடி வருகிறது. பிழைப்புக்கு போகும் பிள்ளைகள் சேர்க்கை சரியில்லாமல் இதில் சிக்கினால் காசநோயும் சுலபமாக பிடித்துக் கொள்ளும்.

ஊசியால் பரவுமா?

காசநோய் ஊசியால் பரவாது, காற்றில்தான் பரவும். ஆனால் ஒரே ஊசியை பலர் போட்டுக் கொண்டால் எச்.ஐ.வி.யும், ஈரலை கெடுக்கும் மஞ்சள் காமாலை வைரசும் பரவும். காசநோய் கிருமி உடம்புக்குள் பல வருடம் தூங்கிக் கொண்டே இருக்கும். எதிர்ப்பு சக்தி இருக்கும் வரை அது தலை தூக்காது. எச்.ஐ.வி. அந்த சக்தியை அழித்து விடுவதால் நோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடி விடுகிறது. போதையில் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் உடம்பு இளைப்பதும், ஜன்னல் இல்லாத அறையில் கூட்டமாக அடைந்து கிடப்பதும் நோய்க்கு இன்னும் வசதி.

"சளிதானே" என்று விடாதீர்கள்

2 வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, எடை குறைவது, பசி இல்லாமை, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் சளி பரிசோதனை செய்ய வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் 2 வாரம் காத்திருக்க கூடாது. ஒரு நாள் இருமினாலும் சொல்லி விட வேண்டும்.

போதை பழக்கம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரி பக்கமே வருவதில்லை. "போனா போலீஸ்ல புடிச்சு குடுத்துடுவாங்க" என்ற பயம்தான் காரணம். வீட்டிலும் அவமானம் என்று மறைத்து விடுகிறார்கள். கடைசியில் ரத்தமாக கக்கும்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

டாக்டரிடம் மறைக்கலாமா?

கூடவே கூடாது. காசநோய்க்கு கொடுக்கும் ரிபாம்பிசின் மாத்திரை, போதையில் இருந்து மீள கொடுக்கும் மாத்திரையின் வேகத்தை குறைத்து விடும். சில எச்.ஐ.வி. மருந்துகளோடும் சேராது. பழக்கத்தை சொன்னால்தான் டாக்டர் மருந்தின் அளவை மாற்றித் தர முடியும். சாராயம் குடித்துக்கொண்டே மாத்திரை போட்டால் ஈரல் கெட்டு விடும்.

ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாக போகும். "ரத்தம் போகுது" என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.

6 மாதம் விடக்கூடாது

சாதாரண காசநோய்க்கு 6 மாத சிகிச்சை. முதல் 2 மாதம் 4 வகை மருந்து, அடுத்த 4 மாதம் 3 வகை மருந்து. ஒரே மாதத்தில் இருமல் நின்று விடும். "சரியாயிடுச்சு" என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி விடும்.

வீட்டை விட்டு எங்கேயும் போய் படுக்கவும் தேவையில்லை. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் தங்கியவர்கள் போலவே குணமாகலாம் என்று 1959-ல் நிரூபித்தது. அதன் பிறகு உலகமே அந்த வழிக்கு மாறியது.

ஆனால் மிகவும் மெலிந்தவர்கள், கால் வீங்கியவர்கள், மூச்சு வாங்குபவர்கள், எழுந்து நிற்க முடியாதவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். இப்படிப்பட்டவர்களை தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க 2022-ல் தமிழக அரசு காசநோய் இறப்பில்லா திட்டத்தை தொடங்கியது.

எல்லாம் இலவசம்

அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக மாதம் ரூ.500 வங்கி கணக்கில் போடப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது ரூ.1,000 ஆகி விட்டது. வேலைக்கு வெளியூர் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். நாட்டில் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் சிகிச்சையை தொடரலாம்.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் கூட இருப்பவர்களும், குறிப்பாக குழந்தைகளும் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு தடுப்பு மாத்திரை உண்டு. ஊசி பழக்கம் உள்ளவர்கள் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்து கொள்ளலாம். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள்.

சந்தேகம் கேட்க இலவச போன் எண்கள்: காசநோய்க்கு 1800-11-6666, எச்.ஐ.வி.க்கு 1097, போதை மீட்புக்கு 14446.

மகனோ, தம்பியோ ஊரில் இருந்து மெலிந்து, இருமிக்கொண்டு திரும்பி வந்தால் திட்டுவதை அப்புறம் வைத்துக் கொள்ளலாம். முதலில் சளி பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.