போரும் சோறும்

1939 செப்டம்பர் 3. இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கலந்து பேசாமலே, இந்தியாவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார் வைஸ்ராய் லின்லித்கோ. அன்று சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்தியப் படை, 1945-இல் 25 லட்சமானது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று நம் வீரர்கள் போரிட்டார்கள்.

வீட்டில் இருந்தவர்கள் பாடு? 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி வரத்து அடியோடு நின்றது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை கதிகலங்கியது. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று அஞ்சி, மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் முதலான கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

வங்காளத்தில் நடந்ததோ பெருங்கொடுமை. ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று கடலோரப் படகுகளை அரசே பறித்துக்கொண்டது. படகு போனால் மீன் ஏது? நெல்லை ஏற்றிப்போக வழி ஏது? அக்டோபரில் புயலும் வந்தது. விலைவாசி விஷமாய் ஏற, பதுக்கல்காரர்கள் கொழுத்தார்கள். லண்டன் தேவையான தானியம் அனுப்பவில்லை. 1943 பஞ்சத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். போர்முனையில் உயிரிழந்த இந்திய வீரர்கள் சுமார் 87,000.

போர்க்காலத்தில் வந்த ரேஷன், போர் ஓய்ந்தும் ஓயவில்லை. சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாடு நீங்கியது 1952-இல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான்.