ஜீன்ஸ் போட்டுக்கிட்டு பனியில இறங்காதீங்க பாஸ்!

தமிழ் சினிமா நமக்குத் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொடுத்த விஷயங்களில் பனிக்கு முக்கியமான இடம் உண்டு. ஸ்விட்சர்லாந்து மலை. முழங்கால் ஆழத்துக்குப் பனி. ஹீரோவுக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், கூலிங் கிளாஸ். ஹீரோயினுக்கு மெல்லிசான ஷிஃபான் புடவை. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே உருளுவாங்க. யாருக்கும் மூக்குகூட ஒழுகாது! 'கட்' சொன்னதும் கம்பளியைத் தூக்கிக்கிட்டு ஓடிவரும் அசிஸ்டென்ட்டை மட்டும் நமக்குக் காட்டவே மாட்டாங்க.

அந்த ஞானத்தோடுதான் நானும் ஃபிளைட் ஏறினேன்.

மேற்படிப்புக்காக அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்குப் பக்கம் போகிற நம்ம ஊர் மாணவர்கள் நிறையப் பேர். அங்கே ஹூட்டன் என்று ஒரு சின்ன ஊர். கீவினா தீபகற்பத்தில், சுப்பீரியர் ஏரிக்கு நடுவில் விரலை நீட்டியது மாதிரி இருக்கும். கனடா பக்கமிருந்து வரும் குளிர்காற்று, உறையாத ஏரித் தண்ணீர் மேலே தவழ்ந்து வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் மொத்தத்தையும் பனியாகக் கொட்டிவிடும். வருஷத்துக்குச் சராசரியாக 200 அங்குலத்துக்குக் குறையாது. 1978-79 குளிர்காலத்தில் அந்த வட்டாரத்தில் பதிவானது 390.4 அங்குலம். அதாவது 32 அடிக்கும் மேலே! நம்ம ஊர் மூணு மாடி வீடு முழுசாக முங்கிவிடும். அந்த உயரத்தைக் காட்டுவதற்கென்றே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் சனி, ஞாயிறு வந்தால் பசங்க என்ன பண்ணுவாங்க? ஸ்னோமொபைல்! முன்னால் ரெண்டு ஸ்கீ, பின்னால் டாங்க் மாதிரி ஒரு ரப்பர் பெல்ட், மேலே பைக் மாதிரி சீட்டு, ஹேண்டில்பார். இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு சோகமும் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜோசப்-ஆர்மண்ட் பாம்பார்டியர் என்ற மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய ரெண்டு வயது மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பாதையெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு விடவே இல்லை. 1937-ல் காப்புரிமை வாங்கினார். 1959-ல் வந்தது அவருடைய 'ஸ்கீ-டூ'. இன்று நாம் ஜாலிக்காக ஓட்டுவது அதன் வாரிசுகளைத்தான்.

சரி, என் கதைக்கு வருவோம். முதல் குளிர்காலம். சீனியர்கள் ரெண்டு பேர் வாடகைக்கு வண்டி எடுத்திருந்தார்கள். "வர்றியாடா?" "வர்றேண்ணா!" கேள்வி கேட்டு முடிக்கும் முன்னாலேயே பதில். போட்டுக்கொண்டு போனது இதுதான்: உள்ளே பருத்தி பனியன், அதற்கு மேல் ஊரிலிருந்து அம்மா வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர், அதற்கு மேல் கெத்தாக ஒரு லெதர் ஜாக்கெட், கீழே ஜீன்ஸ். ஹெல்மெட் மட்டும் வாடகைக் கடைக்காரர் கொடுத்தார். மிச்சிகனில் அது இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

பாதையில் போகிறவரைக்கும் சூப்பர். ஓரமாக, யாரும் கால் வைக்காத பஞ்சுப் பனியில் இறக்கிப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. இறக்கினேன். வண்டி புதைந்தது. 200 கிலோவுக்கு மேல் எடை. இறங்கினால் எனக்கே இடுப்பு வரைக்கும் பனி. மூணு பேரும் மாறி மாறிப் பறித்து, தூக்கி, தள்ளி, வெளியே எடுக்க நாற்பது நிமிஷம். வியர்வை என்றால் அப்படியொரு வியர்வை, பங்குனி வெயிலில் கிரிக்கெட் ஆடினது மாதிரி! ஜாக்கெட்டைத் திறந்துவிட்டேன். இடுப்பு வழியாகப் பனி உள்ளே போனது. ஜீன்ஸில் ஒட்டியிருந்த பனி உடம்புச் சூட்டில் உருகி ஊறியது.

அப்புறம்தான் கச்சேரி. திரும்பி வரும் வழியில் காற்று. ஜீன்ஸ் அட்டை மாதிரி விறைத்துப் போனது. முதலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட் பட்டையைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. சீனியர் ஏதோ கேட்க, நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை. அவர்கள் முதலில் காமெடி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். விரல் மக்கர் பண்ணுவது, வாய் குழறுவது, கால் தடுமாறுவது, காரணமில்லாமல் சிடுசிடுப்பது... உடம்பின் உள்சூடு இறங்குகிறது என்பதற்கு இதெல்லாம் அறிகுறிகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காரில் ஏற்றி, ஈரத்துணி மொத்தத்தையும் உருவிவிட்டு, கம்பளி சுற்றி, சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார்கள். மானம் போனாலும் உயிர் வந்தது.

இதில் என்ன கவனிக்கணும் என்றால், அன்றைக்குப் பெரிய குளிரே கிடையாது. மைனஸ் 10 டிகிரி செல்சியஸ்தான். ஆனால், வண்டி ஓடும்போது காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடணும். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் கணக்குப்படி, மைனஸ் 10-ல் மணிக்கு 60 கி.மீ. காற்று அடித்தால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 23 மாதிரி. அதோடு ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குளிர் இல்லை பாஸ், ஈரம்!

உள்ளேயிருந்து ஆரம்பிங்க

ஜாக்கெட் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் உள்ளே போடுவதைப் பாருங்கள். நம்ம ஊருக்குப் பருத்தி தெய்வம். பனிக்கு அது எமன். வியர்வையைக் குடித்துவிட்டு, காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தோலை ஒட்டிப் போடுவது மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கணும். ஊரிலேயே 'தெர்மல்' வாங்கிக்கொண்டு போகிறவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பருத்தி கலந்திருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேலே ஒரு ஃப்ளீஸ். அவ்வளவுதான். சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டால் டபுள் கதகதப்பு என்று நினைக்காதீர்கள். பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். தடிமனாக ஒரே ஜோடி, விரலை ஆட்ட இடம் இருக்கிற மாதிரி பூட்ஸ், போதும்.

இப்போது மேல் ஜாக்கெட். நம்ம ஊர் மழைக்கோட்டு இருக்கே, தண்ணீரை உள்ளே விடாது. ரொம்ப சரி. ஆனால் வியர்வையையும் வெளியே விடாது. போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பனி அள்ளினால் உள்ளே இட்லிக் கொப்பரைதான். தண்ணீரைத் தடுக்கணும், ஆவியை மட்டும் விடணும். இந்த ரெட்டை வேஷத்துக்கு வழி பிறந்தது 1969-ல், ஒரு எரிச்சலில். நம்ம வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் அதே பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, மெதுமெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் பாப் கோர் என்ற அமெரிக்கர். இழுக்க இழுக்க உடைந்தது. கடுப்பாகி ஒரே வெடுக்! உடையாமல் நீண்டுகொண்டே வந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்த் துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சின்னது. துளி நுழையாது, ஆவி நழுவிவிடும். அதுதான் கோர்-டெக்ஸ். இன்றைக்கு இதே வேலையைச் செய்யும் வேறு பெயர்ச் சவ்வுகளும் வந்துவிட்டன. பெயரைவிட எண்ணைப் பாருங்கள்.

லேபிளில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணி மேலே அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். 20,000 மி.மீ. என்றால் 20 மீட்டர், ஆறு மாடி உயரம். மழைக்கு எதுக்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். மழை மேலே விழுந்துவிட்டுப் போய்விடும். நீங்களோ ஈர சீட்டில் உங்கள் முழு எடையையும் போட்டு உட்காரப்போகிறீர்கள், பனியில் முட்டி போடப்போகிறீர்கள். அந்த அழுத்தத்தில் 5,000 ரகமெல்லாம் கசிய ஆரம்பித்துவிடும். ஆகவே 15,000-க்குக் கீழே இறங்காதீர்கள். பக்கத்திலேயே கிராம் கணக்கில் இன்னொரு எண் இருக்கும். ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி எவ்வளவு ஆவியை வெளியேற்றும் என்பது அது. அதுவும் பெரிதாக இருந்தால் நல்லது. கூடவே, தையல்கள் உள்பக்கம் டேப் போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடாத தையல் என்பது ஊசி போட்ட ஓட்டை வரிசை. அப்புறம் துணி என்ன ரகமாக இருந்தால் என்ன!

பஞ்சு வைத்த மொத்த ஜாக்கெட்டா, பஞ்சில்லாத வெறும் ஷெல்லா? இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். ஒழுங்கான பாதையில் உட்கார்ந்தபடி ஓட்டுகிறவருக்கு மொத்த ஜாக்கெட் சரி. ஆழமான பனியில் ஓட்டுவது வேறு விளையாட்டு. நின்றுகொண்டு, உடம்பைச் சாய்த்து, வண்டியை வளைத்து, புதைந்தால் தோண்டி... கபடி மாதிரி. அதற்கு ஷெல்லும், அக்குளில் திறந்துவிட ஜிப்பும், பையில் மாற்று ஃப்ளீஸும்தான் கெட்டிக்காரத்தனம். வியர்க்கும்போது ஃப்ளீஸைக் கழற்றலாம், நிற்கும்போது போடலாம். என் ஓட்டு ஷெல்லுக்குத்தான். ரெண்டுக்கும் ஒரே ஜாக்கெட்டாக அது உதவும். பஞ்சு வைத்ததுதான் வேண்டும் என்றால், வாத்து இறகு வேண்டாம். நனைந்தால் கட்டி கட்டியாகி உதவாமல் போய்விடும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் கொஞ்சமாவது சூடு காக்கும்.

கீழே சாதா பேன்ட் வேண்டவே வேண்டாம். நெஞ்சு வரை ஏறும், தோளில் பட்டை போட்ட டங்கரி மாதிரி ஒன்று இருக்கிறது, 'பிப்' என்பார்கள். என் இடுப்பு வழியாகப் புகுந்த பனி அதைத் தாண்டி வந்திருக்காது. முட்டியிலும் பின்பக்கத்திலும் தடித்த துணி, காலில் மேலிருந்து கீழ்வரை ஜிப் இருந்தால் பூட்ஸைக் கழற்றாமலே போடலாம். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த மோனோசூட்டும் இருக்கிறது. பனி புக வழியே இல்லை. ஆனால் பாத்ரூம் அவசரம் வந்தால் கடவுள்தான் காப்பாற்றணும்!

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்று போஸ் கொடுக்காதீர்கள். உள்ளே போடுவதையெல்லாம் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் ஹேண்டில்பார் பிடிப்பது போல நீட்டுங்கள். மணிக்கட்டு தெரிந்தால், முதுகு தெரிந்தால், அது உங்களுக்கு இல்லை. ரொம்ப டைட்டும் வேண்டாம். சூடு காப்பது துணி அல்ல, துணிக்குள் சிக்கிய காற்று. அதை நசுக்கிவிட்டால் போச்சு. ஜிப்பின் வால் கையுறையோடு பிடிக்கிற அளவுக்குப் பெரிதா என்றும் பாருங்கள். செல்போனுக்கு உள்பாக்கெட் அவசியம், குளிரில் பேட்டரி பொசுக்கென்று செத்துப்போகும். நிறம்? வெள்ளை வேண்டவே வேண்டாம், பனியில் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கணும் இல்லையா! ஆரஞ்சு, பளீர் மஞ்சள், எதுவானாலும் சரி. மஃப்ளரும் கூடாது. தொங்குவது எதிலாவது மாட்டும். முகமூடி மாதிரி தலையோடு சேர்ந்த குல்லாதான் சரி.

உறைந்த ஏரி மேலே போகிறவர்கள் மிதவை வைத்துத் தைத்த சூட் கேளுங்கள். பனித்தகடு உடைந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 1-10-1. மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம், நினைவு தப்ப 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிஷமும் தலை தண்ணீருக்கு மேலே இருக்க, மிதவை வேண்டும். மேற்கே ராக்கி மலைப் பக்கம் போனால் பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. அங்கே சமிக்ஞைக் கருவியைப் பையில் போடாமல், ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு கட்டிக்கொள்ளணும். பேட்டரியில் சூடாகும் கையுறை, ஜாக்கெட் எல்லாம் அதன் சிக்னலைக் குழப்பலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

"அண்ணே, இதுக்கெல்லாம் எஜுகேஷன் லோன் கொடுப்பாங்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புதிதாக வாங்கினால் ஜாக்கெட்டும் பிப்பும் சேர்ந்து பல நூறு டாலர் விழுங்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை போகிறவர் வாங்கவே வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும், வண்டி புக் பண்ணும்போதே கேளுங்கள். அடிக்கடி போகிற ஆள் என்றால், சீசன் முடிகிற மார்ச், ஏப்ரல் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் சீனியர்களிடமும் கேட்டு வையுங்கள், சென்னைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்து என்ன பண்ணப்போகிறார்கள்?

பழசு வாங்கினால் ஒரு சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கை மேலே ஊற்றுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடினால் ஓகே. துணி கறுத்து ஊறினால் மேல் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சவ்வு நன்றாகவே இருந்தாலும் மேல்துணி ஊறிவிட்டால் ஆவி வெளியேறாது. உடனே தூக்கிப் போடாதீர்கள். அதற்கென்று இருக்கும் சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் லேசான சூட்டில் சுற்றவிட்டால் பல நேரம் பூச்சு உயிர் பெற்றுவிடும். இல்லாவிட்டால் ஸ்பிரே இருக்கிறது. பழைய பூச்சுகளில் இருந்த ஃபுளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால், கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 முதல் துணிகளில் அவற்றுக்குத் தடை போட்டுவிட்டன. ஃபுளோரின் இல்லாத ஸ்பிரேயாகப் பார்த்து வாங்குங்கள். அது கொஞ்சம் சீக்கிரம் தேயும், அடிக்கடி அடிக்கணும். துணி மணக்கட்டும் என்று சாஃப்ட்னரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். என் ரூம்மேட் அதைத்தான் செய்தான். ஜாக்கெட் மல்லிகைப்பூ மாதிரி மணந்தது, முதல் பனியிலேயே ஸ்பாஞ்சு மாதிரி குடித்தது.