ரிங் போகிறதே, ஆள் எங்கே?

2016 ஜூலை 22. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 விமானம் வங்கக் கடலின் மேலே காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் கடலைச் சலித்துக்கொண்டிருந்த நாள்களில், காணாமல் போனவரின் செல்போனுக்கு ரிங் போகிறது என்று உறவினர் தரப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2014-ல் மலேசியாவின் எம்.எச்.370 மறைந்தபோதும் பயணிகளின் வீட்டார் இதையேதான் சொன்னார்கள். ரிங் போனால் போன் உயிரோடு இருக்கிறது, போன் இருந்தால் ஆளும் இருக்கலாம். எந்த வீட்டிலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

ஆனால் நம் காதில் விழும் அந்த ‘ட்ரிங் ட்ரிங்’ எதிர்முனை போனிலிருந்து வருவதே இல்லை. அதை எழுப்புவது தொலைபேசி நிறுவனத்தின் கருவி. காலர் ட்யூனும் அப்படித்தான். பாட்டு இருப்பது நிறுவனத்தின் கணினியில். நாம் எண்ணை அழுத்தியதும், அந்த போன் கடைசியாக எந்த வட்டாரத்தில் இருந்ததோ அங்குள்ள டவர்கள் அதைக் கூவி அழைக்கின்றன. பதில் வரும்வரை மௌனமாக இருந்தால் நாம் வைத்துவிடுவோம் என்று சில நிறுவனங்கள் தேடும்போதே ரிங்கை ஒலிக்க விட்டுவிடுகின்றன. ஆகவே கேட்கும் ரிங் எல்லாம் சாட்சி ஆகாது.

போனில் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். ஜி.பி.எஸ். காது மட்டும்தான், வாய் இல்லை. செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். தெரிந்ததை வெளியே சொல்ல டவர் வேண்டும்.

டவர் எட்டிய ஓரிடத்தில் போன் பெரிய உதவி செய்தது. 2022 மே 29 அன்று நேபாளத்தின் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு 22 பேருடன் போன தாரா ஏர் சிறு விமானம் மலைகளுக்கு நடுவே மறைந்தது. விமானியின் செல்போனுக்கு ரிங் போனது. இங்கே அது நிஜ ரிங். நேபாள டெலிகாம் அந்த போன் இருக்கும் பகுதியைக் கண்டுசொல்ல, ராணுவ ஹெலிகாப்டர் அந்தத் திசைக்குப் பறந்தது. மறுநாள் காலை சுமார் 14,500 அடி உயரத்தில் சிதைவுகள் கிடைத்தன. யாரும் பிழைக்கவில்லை.

கடல் வேறு கதை. கரையைத் தாண்டிச் சில பத்து கிலோமீட்டரில் டவரின் கை ஓய்ந்துவிடும், பழைய ஜி.எஸ்.எம். முறையில் வழக்கமான வரம்பே 35 கி.மீ.தான். உப்புத் தண்ணீரோ செல்போன் அலையை ஒரு முழத்துக்குள்ளேயே விழுங்கிவிடும். ஏ.என்.32-ன் சிதைவுகளைக் கண்டது கடைசியில் ஒலிதான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சோனார் கொண்டு சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் படமெடுத்தது. அரசு அதை அறிவித்தது 2024 ஜனவரியில். விமானம் கிளம்பிய தாம்பரமும் அதைக் கண்டுபிடித்த பள்ளிக்கரணையும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இடையில் ஓடியது ஏழரை ஆண்டு.

எம்.எச்.370-ல் இருந்தவர்கள் 239 பேர். விசாரணை அறிக்கையில் பதிவானது ஒரே ஒரு போன்: துணை விமானியுடையது. இரவு 1.52 மணிக்குப் பினாங்கில் ஒரு டவர் அதன் சிக்னலை ஒரு கணம் பிடித்தது. பேச்சு எதுவும் இல்லை. டவரின் ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்பவை அல்ல. தெருவில் நடப்பவருக்காகக் கீழ்நோக்கிச் சாய்ந்தவை. விசாரணைக் குழு ஒரு சிறு விமானத்தில் போன்களை ஏற்றிப் பறந்து பார்த்தபோது, 8,000 அடிக்கு மேல் அழைப்பு அறுபடாமல் நிற்பது கடினமாக இருந்தது. அந்த ஒரு கணச் சிக்னல், விமானம் பெய்ஜிங் பாதையை விட்டுத் திரும்பி வந்ததாக ராடார் சொன்னதற்கு ஒத்துப்போனது. அவ்வளவே.

உண்மையில் துப்புக் கொடுத்த போன் பயணிகள் பையில் இருந்ததல்ல. விமானத்துக்கே சொந்தமான செயற்கைக்கோள் போன். இரவு 2.22-க்கு ராணுவ ராடாரின் பார்வையிலிருந்து மறைந்தபோது விமானம் வடமேற்கே போய்க்கொண்டிருந்தது. 2.39-க்குத் தரையிலிருந்து அதற்கு ஒரு அழைப்பு போட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆனால் விமானத்தின் கருவி இன்மார்சாட் செயற்கைக்கோளுக்குத் தானாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. விரையும் ரயிலின் ஹார்ன் நம்மைக் கடக்கையில் சுருதி மாறுகிறதல்லவா, அதுபோல அந்தப் பதிலின் அலைவரிசையில் ஒரு சின்ன விலகல். அதைக் கணக்கிட்டவர்கள், அந்தப் பதினேழு நிமிடங்களுக்குள் விமானம் தெற்கே திரும்பிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். காலை 7.13-க்கு மறுபடி அழைத்தார்கள். அதையும் யாரும் எடுக்கவில்லை. விமானத்தின் கருவி கடைசியாகக் குரல் கொடுத்தது 8.19-க்கு.