மழைக் கணக்கும் காய்ச்சல் கணக்கும்

மழை பெய்த மறுநாள் காலை சேலம் மாவட்டத்தில் ஒரு பட்டியல் வெளியாகும். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் என ஊர்வாரியாக எத்தனை மில்லிமீட்டர் மழை என்று அதில் இருக்கும். நாளிதழ்கள் அதை அச்சிடுகின்றன. விவசாயிகள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் படிக்கிறார்கள். அந்த மழைக்குப் பிறகு மலையூர்களில் எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள்? அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் அது வேறொரு துறையின் வேறொரு பதிவேட்டில் இருக்கிறது. இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்து, ஆண்டுக்கு ஆண்டு என்ன மாறுகிறது என்று பார்ப்பதே பருவநிலை மாற்றத்தின் உடல்நல விளைவுகளைக் கண்காணிப்பது. அந்த வேலை முதலில் தொடங்க வேண்டிய இடம் மலை.

மலையில் இருப்பவர்கள் யார்?

கெங்கவல்லிக்குத் தெற்கே பச்சைமலை, வடக்கே கல்வராயன்மலை, தென்மேற்கே கொல்லிமலை. மூன்றிலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்; முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்வது இவர்கள் வழக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட மலையாளிகளே எண்ணிக்கையில் பெரிய சமூகம்.

வானிலை பிசகினால் இவர்களுக்கு வேலை, தண்ணீர், சோறு மூன்றும் ஒன்றாகப் பிசகும். வேலை காட்டில், தண்ணீர் ஊற்றில், சோறு மானாவாரி நிலத்தில். ஆஸ்பத்திரியோ மலைப்பாதைக்குக் கீழே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. பாதை அடைபட்டால் பிரசவ வலி கண்டவரும் பாம்பு கடித்தவரும் கீழே இறங்க முடியாது. இதுவும் பருவநிலையின் உடல்நல விளைவுதான்.

உடம்பில் என்ன நடக்கிறது?

முதலில் வெப்பம். 2024 கோடையில் சேலத்தில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்ட பிறகே வெப்ப அலையைப் பற்றி வானிலைத் துறை யோசிக்கும்; மலைப்பகுதிக்கு அந்த வரம்பு 30 டிகிரிதான். எனவே சேலத்தில் அளந்த வெயிலை வைத்துப் பச்சைமலைக்கு எச்சரிக்கை சொல்ல முடியாது. மலைக்கு மலையிலேயே வெப்பமானி வேண்டும்.

வெயிலின் பாரம் வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவர்மீது அதிகம் விழுகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மரவள்ளிக்காட்டில் களை வெட்டும் பெண்ணுக்கு இது நேரடியான செய்தி.

அடுத்தது காய்ச்சல். டெங்கு கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து மற்றவருக்குப் பரவத் தயாராக 25 டிகிரியில் சுமார் 15 நாள் ஆகும். 30 டிகிரியில் சுமார் ஒரு வாரமே போதும். குளிர்ச்சியே மலைக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவல் தளர்கிறது. ஊற்று வற்றினால் குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள்; கொசு அங்கேயும் முட்டையிடும். மழைக்குப் பின் புதரும் புல்லும் அடர்ந்த இடத்தில் ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வரும். சிறு பூச்சி கடித்த இடத்தில் கருகிய புண் ஒன்று தெரியும். அதைக் கவனித்தால் எளிய மருந்தில் குணமாகும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது சோறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்களில் மரவள்ளி பரவியதற்குச் சந்தையே முதற்காரணம். ஆனால் விளைவு என்னவென்றால், மழை பொய்த்த ஆண்டில் குதிரில் தானியம் இருக்காது. அந்த ஆண்டு அங்கன்வாடித் தராசில் குழந்தைகளின் எடை எப்படி இருந்தது என்று பார்ப்பதும் கண்காணிப்பே.

இப்போது யார் பதிவு செய்கிறார்கள்?

நோய்களைக் கண்காணிக்க 2004-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. கிராம சுகாதாரப் பணியாளர் எஸ் படிவத்தையும், மருத்துவர் பி படிவத்தையும், ஆய்வகம் எல் படிவத்தையும் நிரப்புவார்கள். 2021 முதல் இவை நாடு தழுவிய ஒரே கணினித் தளத்துக்குப் போகின்றன. பருவநிலைக்கும் உடல்நலத்துக்குமான தேசியத் திட்டம் 2019-ல் வந்தது. 2023 முதல் வெப்ப நோய்களை நாள்தோறும் பதிவு செய்கிறார்கள். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மட்டுமே கணக்கில் ஏறுகிறார். காட்டில் சுருண்டு விழுந்தவரின் சாவு நெஞ்சுவலி என்றே முடிந்துபோகும், நிவாரணமும் கிடைக்காது. இன்னொன்று, சேலம் மாவட்ட மக்கள்தொகை 2011-லேயே 34 லட்சத்துக்கு மேல். இருநூறு பேர் வாழும் மலையூரில் இருபது பேருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஊருக்கு அது பேரிடர். மாவட்டச் சராசரியில் அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

வழி இருக்கிறதா?

இருக்கிறது, பக்கத்திலேயே. தர்மபுரி மாவட்டம் சித்தேரிமலைக்கும் கல்வராயன்மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவத் தம்பதியான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கேயும் வாழ்வது மலையாளி மக்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்தார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்த எண்ணிக்கை பிறகு இருபதை ஒட்டி இறங்கியது. அந்த மக்களே கண்காணிப்பாளர்களாக இருந்தது இதற்குப் பெரிய காரணம்.

கனடாவின் லாப்ரடார் கரையில் ரிகோலெட் என்ற இன்யூட் ஊர் இதே வழியில் நடந்தது. பனிக்கட்டி மெலிவதையும் அது தங்கள் உடலையும் மனதையும் பாதிப்பதையும் பதிவு செய்ய, ஊராரே ஆய்வாளர்களோடு சேர்ந்து ஈநுக் என்ற கைபேசிச் செயலியை வடிவமைத்தார்கள். எதைப் பதிய வேண்டும் என்று முடிவு செய்வதில் ஊராருக்கும் பங்கு இருந்தது.

பச்சைமலையில் இதைச் செய்யப் பெரிய செலவு தேவையில்லை. மலையூர்தோறும் ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, ஒரு பதிவேடு போதும். அன்றைய வெயில், மழை, ஊற்றில் தண்ணீர், காய்ச்சல் கண்டவர் எண்ணிக்கை என நான்கு கட்டம். ஆஷா பணியாளரோ ஊர் இளைஞரோ எழுதலாம். அந்த வேலைக்குக் கூலி தர வேண்டும். வாரம் ஒரு முறை அது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

போனது திரும்பியும் வர வேண்டும். போன வருடம் இதே மழைக்குப் பின் எந்த ஊரில் காய்ச்சல் கண்டது, இந்த வருடம் எங்கே முதலில் மருந்தோடு போக வேண்டும் என்று மலையேறி வந்து சொல்ல வேண்டும். பதிவேட்டின் மூலப்படி ஊரிலேயே இருக்கட்டும். தங்கள் மலையின் வெயிலையும் காய்ச்சலையும் அந்த மக்கள் முதலில் அறிந்துகொள்வது அவர்களுடைய உரிமை.