பெருநகரில் நல்ல காப்பிக் கடையைக் கண்டறிதல்

தேனி மாவட்டத்திலிருந்து படிப்பு, நேர்காணல், மருத்துவம் எனப் பல காரணங்களுக்காகச் சென்னைக்குச் செல்வோர் உண்டு. 2023 ஜூன் மாதம் முதல் போடிநாயக்கனூருக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே வாரத்தில் மூன்று நாட்கள் நேரடி விரைவு ரயில் ஓடுகிறது. இரவில் போடியில் ஏறுபவர் காலையில் சென்னையில் இறங்கி முதலில் தேடுவது பெரும்பாலும் ஒரு டம்ளர் காப்பியைத்தான். அறிமுகம் இல்லாத ஊரில் பெயர்ப் பலகையையும் விலையையும் மட்டும் நம்பிப் போனால் ஏமாற நேரிடலாம். காப்பி எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்க்கு நல்ல கடையை அடையாளம் காண்பது எளிது.

மலையும் நகரமும்

போடிக்கு மேலே உள்ள குரங்கணி, கொட்டகுடி மலைகளிலும், பெரியகுளத்துக்கு மேலே உள்ள அகமலையிலும் காப்பி விளைகிறது. ஏலம், மிளகு ஆகியவற்றோடு நிழல் மரங்களின் கீழ் இது பயிராகிறது. காப்பியில் அரபிக்கா, ரொபஸ்டா என இரு முக்கிய வகைகள் உண்டு. உயரமான மலைகளில் வளரும் அரபிக்காவில் மணம் மிகுதி. ரொபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் மிகுதி. காஃபின் ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு பழத்தில் வழக்கமான இரண்டு கொட்டைகளுக்குப் பதில் உருண்டையாக ஒரே கொட்டை இருந்தால் அது ‘பீபரி’ எனப்படும்.

காப்பி விளையும் மலைக்கு அருகில் இருப்பதால் மட்டும் ஓர் ஊரில் நல்ல காப்பி கிடைத்துவிடாது. பச்சைக் கொட்டை பல மாதங்கள் கெடாமல் இருக்கும். வறுத்து அரைத்த தூளோ சில நாட்களிலேயே மணத்தை இழக்கத் தொடங்கும். எனவே தூள் வேகமாக விற்றுத் தீரும் இடத்தில்தான் புதிய தூள் கிடைக்கும். பெருநகரின் சாதகம் இதுவே.

சிக்கரி

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்துக் காப்பித் தூளுடன் கலப்பர். இதில் காஃபின் இல்லை. நிறமும் கெட்டித்தன்மையும் தரும். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதும், இரண்டின் அளவையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பதும் இந்திய உணவுச் சட்ட விதிகள். சிக்கரியின் விலை குறைவு என்பதால் அதை அதிகம் சேர்ப்பது விற்பவருக்கு லாபம். கடையில் கிடைக்கும் காப்பி மிகக் கறுத்து, கெட்டியாக இருந்தும் மணம் குறைவாக இருந்தால் சிக்கரி கூடுதல் என ஊகிக்கலாம்.

டிகாக்‌ஷனும் பாலும்

வடிகட்டியின் மேல் பாத்திரத்தில் தூளை இட்டு வெந்நீர் ஊற்றினால், கீழ்ப் பாத்திரத்தில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் டிகாக்‌ஷனே சிறந்தது. அதே தூளில் மீண்டும் நீர் ஊற்றி எடுப்பது நீர்த்திருக்கும். இறங்கிய டிகாக்‌ஷனை நெடுநேரம் அடுப்பில் வைத்தால் மணம் போய்க் கசப்பு ஏறும். பாலையும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சுவை மாறிவிடும்.

‘டிகிரி காப்பி’ என்னும் பெயர் பால்மானியில் பாலின் அடர்த்தியை ‘டிகிரி’யாக அளந்ததால் வந்தது என்பர் சிலர். சிக்கரி என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பர் வேறு சிலர். இன்று நெடுஞ்சாலைகளில் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்னும் பலகைகள் ஏராளம். பலகை மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது.

தேடும் முறை

1. காப்பித் தூள் அரைக்கும் கடை உள்ள தெருவை முதலில் தேடலாம். சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகள் இதற்கு ஏற்றவை. அங்கே தூள் வாங்க வருபவரிடம், “இங்க பக்கத்துல காப்பி எங்கங்க நல்லா இருக்கும்?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

2. காலையிலும் மாலையிலும் கூட்டம் உள்ள கடையில் டிகாக்‌ஷன் அடிக்கடி புதிதாக இறங்கும். நண்பகலில் அதே கடையின் காப்பி வேறாக இருக்கக்கூடும்.

3. கேட்ட பிறகு கலக்கிறார்களா, முன்பே கலந்து வைத்ததை ஊற்றுகிறார்களா என்று கவனிக்க வேண்டும்.

4. ஸ்ட்ராங், மீடியம், லைட், சர்க்கரை குறைவு, சர்க்கரை இல்லாமல் என்று சொல்லிக் கேட்கலாம். இதைக் கேட்டுக் கலந்து தரும் கடை பெரும்பாலும் கவனமான கடை.

5. இணையத்தில் உள்ள நட்சத்திர மதிப்பெண் டிபன், இடவசதி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரப்பட்டது. காப்பியைக் குறிப்பிட்டு எழுதிய கருத்துகளை மட்டும் படிப்பது நல்லது.

மதுரை வழியாகச் செல்வோர் கோரிப்பாளையத்தில் உள்ள விசாலம் காபியைப் பார்க்கலாம். காப்பிக்கென்றே மக்கள் தேடி வரும் கடை அது.

நவீன கஃபேக்கள் வேறு வகை. பெங்களூரு பிரிகேட் சாலையில் 1996ல் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தபின் இவை பெருகின. இவற்றில் எஸ்பிரெஸோ இயந்திரம் வெந்நீரை உயர் அழுத்தத்தில் தூளின் ஊடே செலுத்துகிறது. அங்கே கொடுக்கும் விலையில் நெடுநேரம் உட்காரும் வசதியும் அடங்கும். நண்பருடன் பேசவோ மடிக்கணினியில் வேலை செய்யவோ அது பொருந்தும். வடிகட்டிய காப்பியின் சுவையை அங்கே எதிர்பார்ப்பது பொருந்தாது.

பலகையின் வரலாறு

காப்பிக் கடைப் பலகைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. தமிழகத்தில் காப்பி பரவிய காலத்தில் பல உணவகங்கள் ‘பிராமணாள்’ என்று பலகையில் எழுதி வைத்தன. அச்சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957ல் போராட்டம் தொடங்கினார். திருவல்லிக்கேணி முரளி கபே அதன் மையமாக இருந்தது. நீண்ட மறியலுக்குப் பின் அச்சொல் அங்கிருந்து நீங்கியது. காப்பி குடிக்கும் பழக்கத்தின் சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்.

இன்று வெளியூரிலிருந்து வரும் எவரும் யாரென்று கேட்கப்படாமல் கடைக்குள் சென்று அமர முடிகிறது. தூள், டிகாக்‌ஷன், பால் ஆகிய மூன்றையும் கவனித்தால் எந்த ஊரிலும் நல்ல காப்பிக் கடையைக் கண்டுகொள்ளலாம்.