சிப்பத்தின் மேல் எழுதும் உண்மை

ஆய்வகத்தில் இருக்கும்வரை ஒரு வேதிப்பொருளைச் சுற்றி அதன் இயல்பை அறிந்தோர் இருக்கின்றனர். கல்விக்கூடத்தின் வாயிலைத் தாண்டியதும் அது ஓட்டுநர், சுமைதூக்குவோர், விமானநிலையப் பணியாளர் ஆகியோர் கைகளுக்குச் செல்கிறது. உள்ளிருப்பது யாதென அவர்களுக்கு உரைப்பது சிப்பத்தின் மேலுள்ள எழுத்தே.

அவ்வெழுத்துப் பொய்த்தால் நேர்வது யாது? தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 கொண்ட கதிர்வீச்சுக் கருவியொன்று 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அது பழைய பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் அதனைப் பிரித்தோர் கதிர்வீச்சால் நோயுற்றனர். ஏப்ரலில் ஒருவர் உயிர்நீத்தார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதலோடு, உரிய கவசக் கலத்தில் செல்லவேண்டிய பொருள், வெறும் இரும்பாகச் சென்றதன் விளைவு இது.

இத்தகைய கேட்டைத் தவிர்க்கவே உலகநாடுகள் பொதுமுறை ஒன்றை வகுத்துள்ளன. வெடிபொருள், வாயு, எரியும் நீர்மம், நச்சு, கதிரியக்கப் பொருள், அரிக்கும் பொருள் முதலாக இடர்ப்பொருள்கள் 9 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நான்கிலக்க எண் உண்டு. அசிட்டோன் 3ஆம் வகுப்பு, எண் 1090. உலர்பனிக்கட்டி 9ஆம் வகுப்பு, எண் 1845. மொழி அறியாதாரும் எண்ணையும் படத்தையும் கண்டு எச்சரிக்கை கொள்வர்.

அனுப்பும் முறை ஐந்து படிகளை உடையது: பொருளை வகைப்படுத்துதல், அளவு வரம்பை அறிதல், தகுந்த கலத்தில் இடுதல், எண்ணும் அடையாளச் சீட்டும் ஒட்டுதல், உரிய ஆவணத்தில் கையொப்பமிடுதல். கலமும் பொருளுக்கேற்ப வேறுபடும். கசியும் நீர்மத்தை இறுக மூடவேண்டும். உலர்பனிக்கட்டியையோ காற்றுப்புகாமல் அடைக்கலாகாது. கழியம் 78 பாகையில் அது நேரே வாயுவாக மாறுவதால், அடைத்த பெட்டி வெடித்துவிடும்.

இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு அனுப்புநருக்கு உரியது. சாலைவழி அனுப்புகையில் பொருளைப் பற்றிய முழுவிவரத்தை வண்டி உரிமையாளருக்கு அளிக்கவேண்டும் என 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பணிக்கின்றன. விமானவழி அனுப்புவதாயின், அதற்கெனப் பயிற்சி பெற்றவரே சிப்பம் கட்டிக் கையொப்பமிடவேண்டும். ஆகவே, ‘மாதிரிப் பொருள்’ என்று மட்டும் எழுதிக் கூரியரில் கொடுப்பது சட்டமீறல்; அறியாத ஒருவர் உயிரைப் பணயம் வைப்பதுமாகும்.

மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் கற்கும் முதற்பாடங்களுள் இதுவும் ஒன்றாதல் வேண்டும். ஒரு பொருளின் இயல்பை அறிந்தவர், அதனை அறியாதவர்க்கு உண்மையாக எழுதிக் காட்டுவது கல்வியின் கடமையாகும்.