குழாய்க்கும் நெளிய இடம் வேண்டும்

நூறு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயில் 300 டிகிரி செல்சியஸ் நீராவி பாய்ந்தால், குழாய் ஓரடிக்கு மேல் நீளும். கொதிகலனை நிறுத்தினால் பழைய அளவுக்குச் சுருங்கும். முனைகள் இரண்டையும் அசையவிடாமல் இறுக்கினால், வெப்பநிலை 100 டிகிரி ஏறினாலே எஃகுக்குள் 240 மெகாபாஸ்கல் தகைவு உண்டாகிவிடும். சாதாரண எஃகு 250 அளவில் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும். குழாய் பத்து மீட்டரா நூறு மீட்டரா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இடம் தாராளமாக இருந்தால், குழாயையே லாட வடிவில் வளைத்து ‘லூப்’ போடுவதுதான் நல்லது. லூப் நெளிந்து நீட்சியை வாங்கிக்கொள்ளும். பராமரிப்பும் அதிகம் தேவைப்படாது. கருவிகள் நெருக்கியடித்து நிற்கும் ஆலையில், அல்லது குழாய் மிகப் பருமனாக இருக்கும்போது, அதற்கு வழியில்லை. அங்கே வருவதுதான் உலோக எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்.

அதன் உயிர் பெல்லோஸ். மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைக் குழலாகச் சுருட்டி, நீளவாக்கில் வெல்டிங் செய்து, உள்ளே நீரின் அழுத்தம் கொடுத்து மடிப்பு மடிப்பாகப் புடைக்க வைப்பார்கள். ஆர்மோனியத் துருத்தியைப் போல அது சுருங்கும், விரியும், சற்றே பக்கவாட்டிலும் நகரும். தகடு தடித்தால் நெளியாது. மெலிந்தால் அழுத்தம் தாங்காது. அதனால் மெல்லிய தகடுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வதும் உண்டு. முறுக்கினால் மட்டும் பெல்லோஸ் தாங்காது.

நெளிவுத்தன்மைக்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. சாதாரணக் குழாயில் உள்ளழுத்தத்தின் நீளவாக்கு இழுவையைக் குழாய்ச் சுவரே தாங்கிவிடும். நடுவில் பெல்லோஸ் வந்ததும் அந்தப் பிடி அறுந்துபோகிறது. அரை மீட்டர் விட்டம், 10 பார் அழுத்தம் என்றால், குழாயின் இரு பக்கங்களையும் விலக்கித் தள்ளும் விசை சுமார் 20 டன். இதை வெளியே உள்ள ஆங்கர்கள் எனும் அசையாப் பிடிமானங்கள் தாங்க வேண்டும். குழாய் விலகாமல் நேராக ஓட கைடுகள் வேண்டும். பெல்லோஸைத் தேர்ந்தெடுப்பதைவிட அதைச் சுற்றியுள்ள பிடிமானங்களை வடிவமைப்பதுதான் பெரிய வேலை என்பேன்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் இந்த வேலையைச் செய்யாமல் விட்டார்கள். அங்கிருந்த நைப்ரோ ரசாயன ஆலையில் ஆறு உலைகள் படிப்படியாக உயரம் குறைந்து வரிசையாக நின்றன. அவற்றுக்குள் சுமார் 155 டிகிரி சூட்டில், எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் ஓடிக்கொண்டிருந்தது. 1974 மார்ச்சில் ஐந்தாம் உலையில் விரிசல் கண்டார்கள். அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குல மாற்றுக்குழாயால் இணைத்தார்கள். முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்த கோடுகள்தான். இரு முனைகளிலும் ஏற்கெனவே இருந்த 28 அங்குல பெல்லோஸ்கள். கீழே தாங்கலுக்குச் சாரக் கம்பிகள்.

பெல்லோஸ் ஒவ்வொன்றின் தள்ளுவிசையும் சுமார் 35 டன். உலைகளின் உயரம் வேறுபட்டதால் இரண்டு விசைகளும் ஒரே நேர்கோட்டில் அமையவில்லை; அவை சேர்ந்து குழாயைத் திருப்பும். அந்தத் திருப்பு விசையை யாரும் கணக்கிடவில்லை. இரண்டு மாதம் ஓடிய பிறகு, ஜூன் 1, சனிக்கிழமை மாலை மாற்றுக்குழாய் மடங்கிப் பிடுங்கிக்கொண்டது. பீறிட்ட ஆவி மேகமாகப் பரவித் தீப்பற்றி வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வார நாளாக இருந்திருந்தால் சாவு இன்னும் பலமடங்காகியிருக்கும். இத்தகைய இணைப்பைத் தகுந்த தாங்கலின்றி அமைக்கக் கூடாது என்று பெல்லோஸ் தயாரிப்பாளரின் வழிகாட்டிக் கையேடு முன்பே எச்சரித்திருந்தது.

ஆங்கர் வைக்க வசதியில்லாத இடங்களில், பெல்லோஸின் இருபுறத்தையும் டை ராட் எனும் தடித்த கம்பிகளால் பிணைப்பார்கள். தள்ளுவிசையைக் கம்பிகள் ஏற்கும். பெல்லோஸ் பக்கவாட்டில் மட்டும் அசையும். கீல் வைத்த வகை ஒரே தளத்தில் மடங்கும். ‘கிம்பல்’ வகை எல்லாத் திசையிலும் மடங்கும்.

வேறொரு கம்பியும் கூடவே வரும். வண்டியில் கொண்டுவரும்போது பெல்லோஸ் குலுங்காமலிருக்கப் பூட்டிய கம்பி அது. பெரும்பாலும் மஞ்சள் வண்ணம் பூசியிருப்பார்கள். பொருத்தி முடித்ததும், குழாய் சூடேறுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெல்லோஸ் அசையவே முடியாது. டை ராடைக் கழற்றக் கூடாது. எது எந்தக் கம்பி என்று பார்க்காமல் ஸ்பானரை எடுக்க வேண்டாம்.